மின்கம்பியில் தொங்கும் சப்பாத்துகள்: விவரணப் படமும் பொருள் தேடலும்

நகர வாழ்க்கை தோற்றுவித்த வழக்கங்களுட் சில, அவற்றைக் கைக்கொள்வோராலேயே விளக்கப்படாதவை. ஒரு சோடிச் சப்பாத்தை அதன் நாடாக்களால் ஒன்றாக முடிந்து, தெருவுக்கு மேலே செல்லும் மின்கம்பியிலோ தொலைபேசிக் கம்பியிலோ வீசித் தொங்கவிடுதல் அத்தகையதொன்று. அமெரிக்க நகரங்களிற் பெரிதும் அறியப்பட்ட இவ்வழக்கம் பிற நாடுகளிலும் காணப்படுகின்றது. கோயிற் சடங்கொன்றுக்குப் புராணக் கதையாவது துணைநிற்கும். இதற்கோ வதந்தியே துணை.

இவ்வழக்கத்தைப் பொருளாகக் கொண்டு அவுஸ்திரேலிய நெறியாளர் மத்தியூ பேற் 2010 ஆம் ஆண்டில் ஒரு குறும் விவரணப் படத்தை ஆக்கினார். 'பறக்கும் சப்பாத்துகளின் மர்மம்' என அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். வழக்கத்திற்கான காரணத்தைத் தொலைபேசியிற் பதிவு செய்யுமாறும், படங்களை அனுப்புமாறும் பல நாட்டவரிடம் கேட்டு, கிடைத்தவற்றைக் கோத்ததே இப்படம். போதைப்பொருள் விற்குமிடத்தின் அடையாளம் என்பது ஒரு விளக்கம். குழுக்களின் எல்லைக் குறி என்பது மற்றொன்று. இறந்த நண்பனுக்கான நினைவு, பருவமெய்திய இளைஞனின் பெருமிதம், பலவீனனின் சப்பாத்தைப் பறித்தெறியும் கொடுமை, வெறும் விளையாட்டு என விளக்கங்கள் பெருகுகின்றன.

இவற்றுள் எது சரியென்று தீர்ப்புக் கூறாமை படத்தின் முதன்மையான சிறப்பாகும். கர்த்தா இல்லாத வழக்கத்திற்கு ஒற்றைப் பொருள் தேடுவது, நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தேடுவதை ஒத்தது. ஒரே செயல் ஒரு தெருவில் அஞ்சலியாகவும் அடுத்த தெருவில் குறும்பாகவும் இருத்தல் கூடும். இவ்வுண்மையை விரிவுரையாகச் சொல்லாது, குரல்களின் முரண்பாட்டினாலேயே படம் உணர்த்துகின்றது.

ஆயினும் அதன் குறைபாடும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. எல்லா விளக்கங்களும் சமமாக ஒலிக்கலாம். சமூகத்தில் அவற்றின் விளைவுகள் சமமானவையல்ல. 2003 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் மேயர் ஜேம்ஸ் ஹானின் செய்திமடல், இச்சப்பாத்துகள் போதைப்பொருள் விற்பனையையோ குழுக்களின் ஆதிக்கத்தையோ குறிப்பன என்ற மக்களின் அச்சத்தை எடுத்துக்கூறி, அவற்றை அகற்றும் திட்டத்தையும் அறிவித்தது. நினைவஞ்சலி என்ற விளக்கம் யாருக்கும் தீங்கு செய்யாது. போதைப்பொருள் என்ற விளக்கமோ அக்கம்பியின் கீழ் வாழும் வறியவரனைவர் மீதும் ஐயத்தின் நிழலை வீழ்த்துகின்றது. விளக்கம் சொல்பவர் அத்தெருவில் வாழ்பவரா, அதனை வாகனத்திற் கடந்து செல்பவரா என்ற வினா இதனால் முக்கியமாகின்றது. முகமற்ற குரல்களாற் கட்டப்பட்ட படம் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு வெளிப்படுத்தவில்லை.

ரொனி சில்வர் நெறிப்படுத்தி, ஹென்றி சல்பன்றுடன் இணைந்து தயாரித்த 'ஸ்ரைல் வோர்ஸ்' (1983) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நியூயோர்க் சுரங்க ரயில்களில் இளைஞர் தம் புனைபெயர்களை வர்ணத்தில் தீட்டிய வழக்கத்தை அது ஆராய்கின்றது. மேயர் எட் கொச் அதனைக் கண்டிக்கின்றார். காவற்றுறையினரும் பயணிகளும் பேசுகின்றனர். அதே வேளை, தீட்டுகின்ற இளைஞன் ஒருவன் தன் தாயுடன் வீட்டில் வாதிடுவதையும் படம் பொறுமையுடன் காட்டுகின்றது. தான் எழுதுவது பொதுமக்களுக்காக அன்று, தனக்கும் தன்னைப் போல் எழுதுவோருக்குமே என்பது அவன் நிலைப்பாடு. வெளியாருக்குப் புதிராகத் தோன்றியது உள்ளிருப்போருக்குத் தெளிவான மொழியாக இருந்தமை அக்காட்சியிற் புலனாகின்றது. கண்டிப்பவர் எப்பதவியில் இருந்து கண்டிக்கின்றார், தீட்டுபவன் எவ்வீட்டிலிருந்து வருகின்றான் என்பனவும் பார்வையாளருக்குத் தெரிகின்றன.

கம்பியில் வீசுபவன் எழுத்து எதனையும் விட்டுச்செல்வதில்லை; அவனைக் கண்டுபிடித்தல் ரயிலிற் பெயரெழுதியவனைக் கண்டுபிடிப்பதிலும் கடினம். இவ்விடர்ப்பாட்டைக் கருத்திற்கொள்ளின் பேற் தேர்ந்த முறை நியாயமானதே. எனினும், புதிரான வழக்கமொன்றை ஆராயப் புகும் விவரணப் படம் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: அதற்குச் சொல்லப்படும் பொருள்கள் எவை? அவற்றைச் சொல்வோர் எங்கு நின்று சொல்கின்றனர்? முதலாவது வினாவைப் பேற்றின் படம் சுவைபட எழுப்புகின்றது. இரண்டாவதை எழுப்பியமையாலேயே 'ஸ்ரைல் வோர்ஸ்' ஒரு காலத்தின் சமூக ஆவணமாகவும் நிலைத்துள்ளது.