கிரேசி மோகன் – கமல்ஹாசன் கூட்டணி: சிலேடையும் ஆள்மாறாட்டமும்

நாடக ஆசிரியர் கிரேசி மோகனும் (1952–2019) நடிகர் கமல்ஹாசனும் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் சேர்ந்தார்கள். ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) வரை சுமார் பத்துப் படங்களில் அந்தக் கூட்டு நீடித்தது. அதற்கு முன்பே, மோகனின் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தைக் கே. பாலசந்தர் ‘பொய்க்கால் குதிரை’ (1983) என்று படமாக்கியிருந்தார்.

இப்படங்களைப் பற்றிப் பேசுவோர் நகைச்சுவைத் துணுக்குகளை நினைவுகூர்வதோடு நின்றுவிடுகிறார்கள். சபா நாடகம் என்றாலே ‘கடி ஜோக்’ தோரணம் என்று ஒதுக்கும் விமர்சகர்களும் உண்டு. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு சொல் இரு பொருள் தருவது சிலேடை. ஓர் ஆள் இரு ஆளாக நிற்பது ஆள்மாறாட்டம். மோகனின் வசனத்தில் முன்னது ஓயாமல் நடக்க, கதையில் பின்னது நடக்கிறது. ராஜா செய்யாத கொலைக்குப் பழி ஏற்கிறான்; குற்றம் அவன் முகத்தைக் கொண்ட அப்புவுடையது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் ஒரு முகத்துக்கு நான்கு சொந்தக்காரர்கள். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகப் புலவரைப் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. மோகனும் வெண்பா எழுதியவர்தான்.

இந்த மரபு தமிழ் மேடையிலும் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரன் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவான். அவ்வகைச் சிரிப்பின் பேரப்பிள்ளைகள்தான் மோகனின் பாத்திரங்கள். ‘பம்மல் கே. சம்பந்தம்’ (2002) என்ற தலைப்பு முதலியாரையும், ‘அவ்வை சண்முகி’ (1996) என்ற தலைப்பு கமல் சிறுவனாக நடித்த குழுவின் தலைவர் டி.கே. சண்முகத்தையும் நினைவூட்டுவது பொருத்தமே.

சரி, இந்தக் கதாநாயகர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள்? பணம் பெரும்பாலும் சாக்குத்தான். வீட்டுக்குள் தங்களுக்குள்ள இடம் போய்விடக் கூடாது என்ற பயமே காரணம். ‘சதி லீலாவதி’யில் (1995) மனைவிக்குத் தெரியாமல் இன்னொருத்தியுடன் பெங்களூர் போகும் கணவன், குடும்பத்தையும் விட விரும்புவதில்லை. வசூல்ராஜா மருத்துவராக நடிப்பது பெற்றோருக்காக. இவற்றில் மிக ஆழமானது அவ்வை சண்முகியே. விவாகரத்தான பாண்டியன், மகளைப் பார்க்க மாமனார் வீட்டுக்குள் மாமியாக நுழைகிறான். அதே ஆசாரமான வீட்டில் பாஷா ஊமைச் சமையற்காரராக வேடமிடுகிறார். மருமகனாக ஏற்க மறுத்தவனையே மாமனார் மணக்க விரும்புகிறார். ஜாதி பார்க்கும் கண் எதைப் பார்க்கிறது என்ற கேள்வி, பிரசங்கம் இல்லாமல் சிரிப்பிலேயே எழுந்துவிடுகிறது.

இவை இரவல் கதைகள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். சண்முகிக்கு ‘மிசஸ் டவுட்ஃபயர்’ மூலம். வசூல்ராஜா இந்திப் படத்தின் மறுஆக்கம். ஆனால் உலகில் ஆயிரம் கதைகள் இருக்க, வேடமும் பொய்யும் உள்ளவையே இவர்கள் கைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. வேடத்தின் மீதான மோகம் கமலுடையது. பொய்யைக் காக்க அடுத்த பொய் என்று அடுக்கும் தச்சுவேலை மோகனுடையது. ஒரே வரவேற்பறை, இரண்டு கதவு என்ற சபா மேடையில் பழகியவருக்கு, யார் எப்போது உள்ளே வரக் கூடாது என்பது அத்துப்படி.

மோகன் வைக்கும் முத்திரை ஒன்றும் உண்டு. அபூர்வ சகோதரர்கள், அவ்வை சண்முகி, தெனாலி (2000), பம்மல் கே. சம்பந்தம், வசூல்ராஜா ஆகியவற்றின் நாயகியர் அனைவரும் ஜானகி. பள்ளியில் தம்மை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது என்பார் மோகன். (ஆசிரியர் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் சிறு பெருமை.) ‘பஞ்சதந்திரம்’ (2002) படத்தில் ராமச்சந்திரமூர்த்தியின் மனைவி மைதிலி, அதுவும் சீதையின் பெயர்தான்.

குறையும் இங்கேதான் இருக்கிறது. இந்தச் சீதைகளுக்குப் பெரும்பாலும் சந்தேகப்படுவதும் பிறகு மன்னிப்பதும் தவிர வேலை இல்லை. எத்தனை பெரிய பொய்க்கும் கடைசிக் காட்சியில் விலை தள்ளுபடியாகிவிடுகிறது. பஞ்சதந்திரத்தில் மனைவியர் மீது விழும் சில நகைச்சுவைகள் இன்று பார்க்கையில் உறுத்துகின்றன.

விதிவிலக்கு, கமல் தயாரித்து மோகன் வசனம் எழுதிய ‘மகளிர் மட்டும்’ (1994). அதில் பொய் பெண்கள் கைக்கு வருகிறது. துப்புரவுப் பணியாளர் பாப்பம்மா உட்பட ஒரே அலுவலகத்தின் மூன்று பெண்கள், தொல்லை தரும் மேலதிகாரிக்கு எதிராகச் சேர்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஜானகி. அவன் பிணம் என்று நினைத்து வேறொரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அலையும்போது, சிரிப்புக்கு அடியில் வேலை போய்விடுமோ என்ற நிஜமான அச்சமும் கோபமும் இருக்கின்றன. அந்தத் திசையில் இந்தக் கூட்டணி மறுபடி போகவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்துப் பஞ்சதந்திரத்தில் பிணத்தை மறைக்க அலைந்தவர்கள் ஐந்து கணவர்கள்.