சாம்பார் கேட்காத தோசை

சென்னையில் பழகிய நாக்கு பெங்களூரு மசாலா தோசையை முதலில் தப்பாகத்தான் எடைபோடும். பேப்பர் ரோஸ்ட்டின் நீளமும் மெல்லிசும் இங்கே செல்லாது. அடிப்புறம் செம்பழுப்பாக முறுகி, உட்புறம் மெத்தென்று இருக்க வேண்டும். ஒரே விள்ளலில் இரண்டும் பல்லுக்குத் தெரிய வேண்டும். மாவில் உளுந்து, அரிசியோடு கடலைப்பருப்பு, வெந்தயம், அவல் சேருவது அந்த நிறத்துக்கும் பதத்துக்கும்தான்.

காந்தி பஜாரில் 1943 முதல் இருக்கும் வித்யார்த்தி பவன் உணவகத்தை இதன் தலைமைப் பள்ளி என்பேன். சூடேறிய பெரிய கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு தேய்ப்பு. வரிசையாக மாவு ஊற்றி, நெய் விட்டு, நடுவில் உருளைக்கிழங்குப் பல்யா (மசியல்) வைத்து மடித்துவிடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. வேட்டி கட்டிய பரிமாறுபவர் தட்டுகளை முன்கையிலிருந்து தோள்வரை அடுக்கிக்கொண்டு வருவார். தோசைக்குத் துணை நீர்த்த சட்னி மட்டுமே, சாம்பார் கிடையாது. நெய்யின் மணத்தை சாம்பார் அமுக்கிவிடும் என்பதால் எனக்கு அது சரியாகவே படுகிறது.

மல்லேசுவரத்து சி.டி.ஆர். உணவகம் வெண்ணெய் வழி. முறுகல் இன்னும் கூர்மை, நிறம் இன்னும் ஆழம். லால்பாக் சாலை எம்.டி.ஆர்., 1924-இல் உடுப்பிப் பக்கத்து மையா சகோதரர்கள் தொடங்கிய மரபு. அங்கே தோசையோடு சிறு கிண்ணத்தில் நெய் வரும்.

தாவணகெரே வெண்ணெய் தோசை வேறு குலம். மாவில் பொரி சேரும். பூப்போல மெத்தென்று இருக்கும். மஞ்சள் போடாத வெளிர் பல்யா பக்கத்தில் வரும். மைசூர் மசாலாவிலோ, வரமிளகாய்-பூண்டுச் சிவப்புச் சட்னியை உட்புறம் தடவுவார்கள்.

1980களில் வந்த தர்ஷினி உணவகங்கள் நின்றபடி சாப்பிட வைத்து, விலையைக் குறைத்து, இந்தத் தோசையை மூலைக்கு மூலை கொண்டுபோயின. நல்ல காரியம். ஆனால் கூட்டம் நெருக்கும்போது கல் சூடு இறங்கிவிடும். மாவு வெளுத்து வேகும். அந்தக் குறையை மேலே வெண்ணெயைக் குவித்து மறைக்கப் பார்ப்பார்கள். வெளுத்த தோசையைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். பார்சலும் வேண்டாம், பொட்டலத்து ஆவியிலேயே முறுகல் போய்விடும்.