போர்க்களத்துக் கற்களும் ரிஸ்பாளின் பாறையும்

தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலுள்ள நடுகற்களை இறையியல் மாணவர் ஒருமுறையேனும் நின்று வாசித்தல் நன்று. ஆநிரை கவர்ந்த பூசல்களில் மாண்டோருக்காக இந்நாட்டார் எழுப்பிய கற்கள் அவை. அவற்றின் வாசகம் சுருக்கமானது: அரசனின் ஆட்சியாண்டு, பூசலின் காரணம், இறந்தவன் பெயர், இறுதியில் 'பட்டான்' என்னும் வினை. அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அது பொறித்து வைத்துள்ளது. பெயர் சொல்லுதலே இக்கற்களின் அறம் எனலாம்.

இவ்வளவுகோலால் நம் காலத்து உள்நாட்டுப் போரொன்றின் நினைவுச்சின்னங்களை மதிப்பிடுவோம். இலங்கைப் போர் 2009 மே மாதம் முல்லைத்தீவுக் கடற்கரையில் முடிவுற்றது. அதன் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிவித்தது. அக்களத்தை அடுத்த புதுக்குடியிருப்பில் அரசு நிறுவிய சின்னத்தில், துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன் நிற்கிறான். சமாதானப் புறாவும் உண்டு. மாண்ட பொதுமக்களுக்கு மட்டும் இடமில்லை. கோப்பாயில் புலிகளின் துயிலும் இல்லம் அழிக்கப்பட்டு, அந்நிலத்தில் 2011இல் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 சனவரி 8ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டு, மாணவர் போராட்டத்தின்பின் அவ்வாண்டே மீண்டும் எழுந்தது. வென்றவன் தன் வெற்றியை மட்டும் எழுதி, தோற்றவன் அழுவதற்கும் இடந்தராவிடில், அச்சின்னம் போரை முடிக்கவில்லை, கல்லில் தொடர்கிறது.

ஆயின் இக்கண்டனத்தை ஒரு திசையில் மட்டும் செலுத்துதல் நேர்மையன்று. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினர். சிறுவரையும் படையில் சேர்த்தனர். தமிழராகிய நம் நினைவேந்தல்களில் இவை எத்தனை முறை கூறப்பட்டன? நடுகல்லின் குறையும் இதுவே: ஒவ்வொரு கல்லும் தன்னவனையே நினைக்கிறது.

இக்குறையைக் கடந்த ஒருத்தியை 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சவுலின் குடும்பத்தார் எழுவர் தூக்கிலிடப்பட்டபோது, ரிஸ்பாள் பாறைமேல் இரட்டு விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் விரட்டினாள். எழுவருள் இருவரே அவள் பெற்ற பிள்ளைகள். எனினும் எழுவரையும் காத்தாள். அவள் செய்ததைக் கேட்ட பின்னரே தாவீது சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைத் தூக்கிலிடப்பட்டோரின் எலும்புகளோடு சேர்த்து அடக்கம் செய்வித்தான். அதன்பின்னரே தேவன் தேசத்திற்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார். வென்ற அரசனுக்கு ஓர் ஏழைத் தாயின் துக்கம் கடமையைக் கற்பித்தது.

தருமபுரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கு ஊழியஞ்செய்யும் போதகர் மே 18 வரும்போது இரண்டிலொன்றைச் செய்யத் தூண்டப்படுகிறார்: அரசியல் எனக் கருதி மௌனமாயிருத்தல், அல்லது மேடைமுழக்கத்தைப் பிரசங்கபீடத்திற்கு ஏற்றுதல். இரண்டும் ரிஸ்பாளின் வழியன்று. முகாமிலுள்ள தாய் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லட்டும். சபை அதைக் கேட்டு அழட்டும். பின்னர் அதே ஜெபத்தில், துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களையும், மகனை இழந்த சிங்களத் தாயையும் சபை நினைவுகூரட்டும். இது எளிதன்று. எனினும் பகைவருக்காக ஜெபிக்கக் கற்பித்த ஆண்டவரின் சபை, தன்னவரை மட்டும் நினைக்கும் மற்றொரு கல்லாய் நின்றுவிடலாகாது.