ஒருவகை மீன்

சங்க இலக்கிய நூல்களை மாணவர் பதிப்புகளில் படிப்போர் அடிக்கடி சந்திக்கும் அடிக்குறிப்பு ஒன்று உண்டு. ‘வாளை: ஒருவகை மீன்.’ ‘ஆரல்: ஒருவகை மீன்.’ ‘அயிரை: ஒருவகைச் சிறுமீன்.’ இக்குறிப்புகளில் யாதொரு குறையும் இருப்பதாக நெடுநாள் எனக்குத் தோன்றியதில்லை. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு ஞாயிறுதோறும் வீட்டில் தமிழ் சொல்லிக் கொடுப்பது வழக்கம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டைப் படித்துக்கொண்டிருந்தவள், “அப்பா, வாளை என்றால் என்ன?” என்றாள். “ஒருவகை மீன், அம்மா” என்றேன். “அதைத்தான் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே. எந்த வகை?” என்றாள். காவிரிக் கரையில் பிறந்த எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

விடை கிடைத்த இடம் நூலகம் அன்று; கரியாஹாட் மீன்சந்தை. செதிலற்ற வழுவழுப்பான உடல், வாள்போல் இருபுறமும் தட்டையான வடிவம், கண்ணையும் கடந்து கிழிந்த வாய், நீண்ட மீசை. வங்காளிகள் ‘போவால்’ என்று வழங்கும் அம்மீனைப் பதினெட்டு ஆண்டுகளாக அப்பெயராலேயே கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தில் வலைக்காரர்கள் இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டிய வாளை அதுவே என்பது அன்றுதான் மனத்திற்பட்டது. மீன் மாறவில்லை, பெயர் மாறியதால் எனக்குக் கண் தெரியாமற் போயிற்று.

இத்தகைய குழப்பம் இரு வகையில் நேர்கிறது. ஒரே மீனுக்கு ஊர்தோறும் வேறு பெயர் வழங்குவது ஒன்று. நம் வரால் பேச்சு வழக்கில் விராலாகிறது, தெலுங்கில் கொர்ரமீனு, வங்காளத்தில் சோல். அதன் சிற்றுறவான கொரவை இங்கே லேட்டா. இரண்டும் பாம்புத் தலையுடையவை. இளமையில் பார்த்தால் பழகியவர் கண்ணுக்கே வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆனால் வரால் மூன்றடியளவும் வளரும். கொரவையோ ஓரடியில் நின்றுவிடும்.

மற்றொன்று, ஒரே பெயர் பல மீன்களுக்கு வழங்குவது. வாளை என்றதும் கடற்கரை ஊரினர் மனத்தில் தோன்றுவது வெள்ளித்தகடு போன்று நீண்ட கடல் வாளை. அதற்கும் ஆற்று வாளைக்கும் வாள்போன்ற வடிவம் தவிர வேறு உறவு கிடையாது. கெண்டையின் கதை இதனினும் பெரிது. நம் ஓடைகளில் துள்ளும் சிறுமீனும் கெண்டை. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியாவும் ‘ஜிலேபிக் கெண்டை’. 1959இல் வந்து சேர்ந்த புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் கீழை ஆசிய நாட்டவை. வங்காளிகள் ‘கோய்’ என்று விரும்பியுண்ணும் மீன் நமக்குப் பனையேறிக் கெண்டை. அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. நிலைமை இவ்வாறிருக்க, கயலுக்குப் பொருள் தேடினால் அகராதி கெண்டையிடம் அனுப்புகிறது. சேலுக்குத் தேடினாலும் கெண்டையிடமே அனுப்புகிறது. போன இடத்திலோ ஒரு கூட்டமே நிற்கிறது.

பெயர் குழம்பினால் குழம்பின் சுவையா கெட்டுவிடும் என்று அன்பர்கள் நகைக்கலாம். குழம்பு கெடாது, பாட்டு கெடும். இரண்டு பாடல்களைக் கொண்டு இதனைக் காட்ட விழைகிறேன்.

முதலாவது, மகள் ஐயுற்ற ஆலங்குடி வங்கனாரின் பாட்டு. வயலோரத்து மாமரத்தின் கனிந்த பழம் நீரில் விழ, அதனை வாளை கவ்வும் ஊருக்குரியவன் தலைவன். அவன் தன்னிடத்தில் பெருமொழி பேசிவிட்டுத் தன் வீட்டில் மனைவி சொற்படி கண்ணாடிப் பாவைபோல் ஆடுகிறான் என்று பரத்தை எள்ளுகிறாள். வாளை முயற்சியின்றிப் பழம் பெற்றதுபோல, தானே வந்த தலைவனைப் பரத்தை எளிதிற் பெற்றாள் என்பது உரைமரபு காட்டும் உள்ளுறை. அது பொருந்துவதே. ஆயினும் ‘ஒருவகை மீன்’ என்ற அளவில் நின்றால், அவ்விடத்தில் கெண்டை இருந்தாலும் அயிரை இருந்தாலும் பொருள் ஒன்றே என்றாகிவிடும். அயிரையால் மாம்பழத்தைக் கவ்வ இயலுமா?

ஆற்று வாளை பிற மீன்களை விழுங்கி வாழும் பெருவாய் மீன். பிறர் பொருளை விழுங்கிக் கொழுத்த பெரும்புள்ளியை வங்காளிகள் ‘ராகவ போவால்’ என்று பழித்துரைப்பர். அந்த வாயை மனத்திற் கொண்டு பாட்டை மீண்டும் படிக்கும்போது, உவமை ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. பழத்தைக் கவ்விய வாளை பரத்தையானால், தன் பேராசையைத் தானே மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் துணிவு அவள் பேச்சில் தெரிகிறது. வாளை அவன் ஊர் மீனாதலின், எதிர்ப்பட்டதையெல்லாம் கவ்வும் இயல்பு அவனுடையது என்னும் ஏளனமும் உடன் ஒலிக்கிறது. அத்தகைய பெருவாயன் வீட்டில் வாய்திறவாப் பாவையாகிறான் என்பதே நகைப்பின் உச்சம். வாளையின் வாயை அறியாதவர்க்கு இந்நகைப்பில் பாதி கிட்டாது.

இரண்டாவது, கபிலரின் குறுந்தொகை இருபத்தைந்தாம் பாட்டு. தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறொருவரும் அங்கில்லை. அவன் பொய்த்தால் யான் என் செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். இருந்தது, ஓடும் நீரில் ஆரலைப் பார்த்து நின்ற குருகு ஒன்றே. பறவை சான்று சொல்லாது என்பது வெளிப்படை. ஆனால் அக்குருகு ஏன் ஆரலைப் பார்த்தது?

ஆரலைச் சிறு விலாங்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். ஆரலோ நன்னீரிலேயே பிறந்து மடிவது. முதுகில் முள்வரிசையும் கூரிய மூக்கும் உடையது. மணலிலும் சேற்றிலும் உடலைப் புதைத்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியிருப்பது அதன் வழக்கம். ஓடுகின்ற நீரின் அடியில் அந்த மூக்கு நுனியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், குருகு கண்ணை இம்மியும் அகற்றாமல் நிற்க வேண்டும். அருகில் என்ன நடந்தாலும் அது அறியாது. சான்று பேசாதது மட்டுமன்று, பார்க்கவும் இல்லை. தலைவியின் கையறுநிலை இதனால் இரட்டிப்பாகிறது. மேலும், அது தேடியது ஆரலை என்று சொல்லும் அளவுக்கு அவள் அக்குருகை நோக்கியிருக்கிறாள். அவன் முகத்தைப் பாராமல் நாணத்தால் வேறெங்கோ பார்த்திருந்த ஒரு பெண்ணின் கண்கள் அவை. ‘ஒருவகை மீன்’ என்ற குறிப்பு இவ்வளவையும் மூடிவிடுகிறது.

குறை முழுவதும் உரை எழுதியோருடையது என்று சொல்வது நேர்மையாகாது. ஏடு தேடி அலைந்து இந்நூல்களை நமக்கு மீட்டுத் தந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. பிற்காலப் புலவர்களும் இதற்குப் பங்காளிகளே. கண்ணுக்குக் கயலும் சேலும் கெண்டையும் மாறி மாறி வந்து, எதுகை மோனைக்கு எது பொருந்துகிறதோ அதுவே மீன் என்றாயிற்று. பழம்பாடலில் நீருக்குள் கண்ட மீன், பிறகு பாட்டுக்குள் மட்டுமே வாழும் மீனாகிவிட்டது.

மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். 1801இல் புளோக், ஷ்னைடர் என்னும் ஐரோப்பிய அறிஞர்களின் நூலில் வந்த பெயர் ‘ஆரல்’. இன்றும் அம்மீனின் அறிவியற் பெயர் மேக்ரோக்னாதஸ் ஆரல் என்பதே. அதே நூலில் வாளைக்கு இட்ட ‘அட்டு’ என்ற பெயரும் ‘ஆத்து வாளை’ என்னும் நம் பேச்சு வழக்கிலிருந்து பிறந்தது என்பர். 1822இல் கங்கை மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன், ருயி மீனுக்கு ரோஹிதா என்றும் காத்லாவுக்குக் கத்லா என்றும் இந்நாட்டுப் பெயர்களையே இட்டார். ஆரலின் நெருங்கிய உறவான ‘பாங்கால்’ மீனுக்கு அவர் தந்த பெயர் பாங்கலஸ். சேற்றில் வாழ்ந்தும் சேறு ஒட்டாத மீன் என்று இல்லறத்தார்க்கு ஸ்ரீ ராமகிருஷ்ணர் எடுத்துக்காட்டியது இந்தப் பாங்காலைத்தான். அயல்நாட்டார் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நாமோ நம் பெயரையே நமக்கு ‘ஒருவகை’ என்று விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

பதிப்பாசிரியர்களிடம் என் போன்ற எளிய வாசகன் வேண்டுவது மிகுதியன்று. ஒரு மீனுக்கு நான்கு சொல் போதும்: எவ்வளவு பெரிது, எங்கே வாழ்வது, எதை உண்பது, இன்று எந்தப் பெயரால் கிடைப்பது. உரையின் பக்கம் கூடாது; பாட்டின் பொருள் கூடும்.

பிறமாநிலம் வந்து குடியேறிய நமக்கும் இதில் கடமை உண்டு. ஊரிலிருக்கும் பெரியவர்களிடம் குளத்து மீன்களின் பெயரை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்வோம். வாழும் ஊரின் சந்தையில் அவற்றுக்கு என்ன பெயர் என்றும் அறிந்துகொள்வோம். ஊரில் வளராத குழந்தைகளுக்கு அச்சந்தைப் பெயரே பாட்டுக்குள் நுழையும் வழியாகலாம். என் மகள் தன் புத்தகத்தில் ‘ஒருவகை மீன்’ என்ற குறிப்பை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘போவால், பெரிய வாய்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். நான் படித்த உரைகளுள் அந்த வரி மூன்று சொல்லே உடையது. எனினும் வங்கனார் கண்ட குளத்தின் கரையில் அவளைக் கொண்டு நிறுத்தியது அதுதான்.