காப்பு யாருக்கு?

பிள்ளைத்தமிழ் கற்றோர் காப்புப் பருவத்தை அறிவர். குழந்தையைத் தீங்கினின்றும் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவதே அதன் பொருள். அங்கே நடுநாயகமாக நிற்பது குழந்தை. எமது பாராளுமன்றம் 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 வாக்குகளால் நிறைவேற்றிய சட்டமும் தமிழில் 'நிகழ்நிலைக் காப்புச் சட்டம்' என்றே பெயர் பெற்றுள்ளது. இந்தக் காப்பின் நடுவில் நிற்பவர் யார் என்று வினவுதல் சட்டத்தரணிகளின் தொழில் மட்டுமன்று. சொற்களையே கருவியாகக் கொண்ட எழுத்தாளருக்கும் ஆசிரியருக்கும் அது கடமையாகும்.

ஒன்றை முதலிற் கூறிவிடல் வேண்டும். இணையவழியே சிறுவர்க்கு நேரும் கொடுமை கற்பனையன்று. மாணவியின் படத்தைத் திரித்துப் பரப்புவதும், நட்புப் பாராட்டி அந்தரங்கப் படத்தைப் பெற்றுப் பின் மிரட்டுவதும் பாடசாலைகளிற் கற்பிப்போர் நன்கறிந்த செய்திகள். பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் இவற்றை அற்பமாக்குவோருடன் எமக்கு உடன்பாடில்லை.

இனிச் சட்டத்தின் அமைப்பை நோக்குவோம். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய ஏற்பாடு அதில் உண்டு. அதே சட்டத்தில், தேசிய பாதுகாப்புக்கும் பொது ஒழுங்குக்கும் அச்சுறுத்தலாகும் 'பொய்யான கூற்று' என்னும் குற்றமும் உண்டு. அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை. தடைசெய்யப்பட்ட கூற்று எதுவெனக் கண்டு, 24 மணித்தியாலத்துள் அதனை நிறுத்துமாறு அறிவித்தல் விடுக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவ்வைவரையும் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிப்பவர் ஜனாதிபதி. குழந்தையைச் சீரழிப்பவனும் அமைச்சரைக் கண்டிப்பவனும் ஒரே வலைக்குள் விழக்கூடியதாகச் சட்டம் பின்னப்பட்டிருக்கிறது. வலையை எதிர்ப்பவர் குழந்தையின் பகைவராகத் தோற்றமளிப்பதே இச்சேர்க்கையால் ஆள்வோர் அடையும் இலாபம்.

சிறுவரைக் காக்கச் சட்டம் இல்லாதிருந்ததா? இல்லை. தண்டனைச் சட்டக்கோவை 1995 இல் இதற்கெனவே திருத்தப்பட்டது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் பிறந்தது. கணினிச் சேவை வழங்குவோர் சிறுவர் மீதான பாலியற் கொடுமைக்குத் தம் சேவை பயன்படாது தடுக்க வேண்டும் என்ற கடப்பாடு 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே விதிக்கப்பட்டது. குறைபாடு ஏட்டிலன்று, செயலிலேயே உள்ளது. ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குகளும், ஆலோசனை வழங்கப் பயிற்றப்பட்டோர் இல்லாத பாடசாலைகளும் புதிய ஆணைக்குழுவால் மாறிவிடமாட்டா.

சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசின் கைக்குச் சென்றால் யாது நிகழும் என்பதற்கு எமது இலக்கிய உலகே சான்று. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட 'அர்த' என்னும் சிறுகதைக்காக 2019 ஏப்ரலிற் கைதாகி, ஏறத்தாழ நான்கு மாதம் மறியலில் இருந்தார். பௌத்த விகாரைச் சூழலில் நிகழும் சிறுவர் துஷ்பிரயோகத்தை அக்கதை மறைமுகமாகச் சுட்டியதாகவே பேசப்பட்டது. அவர்மீது ஏவப்பட்டது, குடியியல் அரசியல் உரிமைகளைப் பேணவென 2007 இல் இயற்றப்பட்ட சட்டம்! உரிமை காக்கும் சட்டம் எழுத்தாளனைச் சிறையிட்டது. கொடுமையைச் சுட்டிய கதையே குற்றமாயிற்று.

தமிழ்க் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அவருடைய 'நவரசம்' தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் கூறப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் உள்ளமை தமிழறிந்தோர்க்குத் தெரிந்ததே. 2021 டிசெம்பரிற் பிணையும் 2023 டிசெம்பரில் விடுதலையும் கிடைத்தன. இவ்விரு வழக்குகளின்போதும் புதிய சட்டம் இருக்கவில்லை. எனினும், கவிதையின் உருவகத்தை வாக்குமூலமாகப் படிக்கும் அதே கண்கள்தாம் நாளை 'பொய்யான கூற்றை'யும் தேடப்போகின்றன.

பொறியின் கண்ணும் இதனினும் கூரியதன்று. 2021 இல் அமெரிக்கத் தந்தையொருவர் நோயுற்ற தம் மகனின் படத்தை வைத்தியருக்கெனக் கைப்பேசியில் எடுத்தார். கூகிளின் தன்னியக்கச் சோதனை அதனைச் சிறுவர் ஆபாசமெனக் கொண்டது. பொலிஸ் விசாரணை தொடர்ந்தது. குற்றமில்லை எனப் பொலிசார் முடிவுசெய்த பின்னரும் நிறுவனம் அவருடைய கணக்கை மீள வழங்கவில்லை. எல்லோருடைய கடிதத்தையும் பிரித்துப் படித்துத்தான் ஒரு குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமெனில், அந்தத் தபாற்கந்தோரை நாம் ஏற்போமா? தொழிற்சங்க ஊழியனின் செய்தியும், கொடுமைக்குள்ளான சிறுமி தோழிக்கு எழுதும் வரியும் அதே உறைக்குள்தான் செல்கின்றன. அந்தரங்கம் குழந்தைக்கும் உரியது.

பிறிதொன்றையும் கவனித்தல் தகும். மக்களின் தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் 2022 இல் நிறைவேறியது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த தறுவாயிற் பின்போடப்பட்டன. மக்களின் பேச்சை ஆளும் சட்டமோ 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியாகி, ஐந்து மாதத்துள் சட்டமாயிற்று. உயர் நீதிமன்றம் 31 வாசகங்களுக்குத் திருத்தம் வேண்டுமென்று கூறியதும் அவ்வேகத்தைத் தடுக்கவில்லை. எந்தக் காப்பு அவசரம், எந்தக் காப்பு ஆறுதல் என்பதை இவ்விரு காலக்கணக்குகளே உரைக்கின்றன.

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. சிறுவர் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பிரித்தெடுத்துத் தனிச் சட்டமாக்குக. கூற்றுகளின் பொய்ம்மையை ஆணைக்குழுவன்றிச் சுதந்திரமான நீதிமன்றமே தீர்மானிக்கட்டும். விசாரணைக்கும் பாடசாலை ஆலோசனைக்கும் பணம் ஒதுக்குக. இவற்றை ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் தம் தீர்மானங்களிற் சேர்த்தல் வேண்டும். குழந்தையை முன்னிறுத்தி அதிகாரத்தைப் பின்னிருந்து வளர்ப்போரிடமிருந்து குழந்தையின் பெயரை மீட்டெடுப்பது, குழந்தைகளுக்குக் கற்பிப்போரின் பணியேயாகும்.