அளவுகோலும் வாவியும்: கரையோர முகாமைத்துவம் பற்றிய ஒரு மதிப்பீடு

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றும் வகுத்தது தமிழ் மரபு. வகுத்ததோடு அஃது அமைந்துவிடவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்திற் காணப்படின், அவை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்னுங் கருத்தையும் தொல்காப்பியம் கூறிவைத்தது. வகுத்தலும் வேண்டும், வகுத்தவை தம்முட் கலத்தலை உணர்தலும் வேண்டும் என்பது அதன் உட்கிடை. மேலும், 'சார்ந்த இடம்' என்ற முன்னோர், அச்சார்பு எத்தனை முழத் தொலைவினது என அளந்து கூறினாரல்லர். சார்பு என்பது தொடர்பினால் அறியப்படுவதன்றித் தூரத்தினால் அறியப்படுவதன்று. இவ்வுண்மை செய்யுளுக்கு மட்டுமன்றி, இக்காலக் கரையோர முகாமைத்துவத்துக்கும் பொருந்துவதாகும்.

நெய்தலும் மருதமும் கலக்கும் இடத்தைக் கண்ணாற் காண விழைவோர் மட்டக்களப்பு வாவியைக் காண்டல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, கடலுக்கு இணையாகக் கிடந்து நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடல். அங்கேதான் நகரும் ஊர்களும் நெருங்கியுள்ளன. படுவான்கரை பரந்த வயல்நிலம். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழ் விளையும் வயல்களின் வடிநீர் வாவியை நாடி வருகின்றது. பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. நன்னீரும் உவர்நீரும் பருவத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் கலப்பதாலேயே இறாலும் நண்டும் மீனும் இங்கே பெருகுகின்றன. யாழ் நூல் இயற்றிய விபுலாநந்த அடிகள் இவ்வாவியில் எழும் இன்னொலியை நீரரமகளிர் இசையாகப் பாடினார். அவ்விசையாற் புகழ்பெற்ற வாவிக்கு உயிர்தருவது இக்கலப்பே என்பதை மறத்தலாகாது.

இத்தகைய நீர்நிலைகளைக் காப்பதற்கு இலங்கை செய்த முயற்சி இகழத்தக்கதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1972ஆம் ஆண்டிற் கரையோர வலயத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றின. வளர்முக நாடுகளுள் அத்துறையில் முந்தி அடியெடுத்துவைத்தவற்றுள் இலங்கையும் ஒன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டமும், 1990ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கரையோர வலய முகாமைத்துவத் திட்டமும் அதற்குச் சான்றாகும். 1992ஆம் ஆண்டு இரியோ நகரிற் கூடிய உலக மாநாடு, கரையோரத்தை ஒருங்கிணைந்த முறையில் ஆளுதல் வேண்டும் என உலக நாடுகளுக்கு உரைத்தது. அதற்கு முன்னரே இந்நாடு அவ்வழியிற் புகுந்திருந்தமை பாராட்டுக்குரியது.

ஆயினும், பாராட்டோடு நின்றுவிடுதல் திறனாய்வின் பணியன்று. அச்சட்டம் கரையோர வலயத்தை எவ்வாறு வரையறுத்தது என்பதை நோக்குதல் வேண்டும். உயர்நீர் எல்லையிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றரும், தாழ்நீர் எல்லையிலிருந்து கடலை நோக்கி 2 கிலோமீற்றரும் வலயம் எனப்பட்டன. கடலோடு தொடர்புடைய வாவிகளுக்கு, முகத்துவாரத்தின் குறுக்கே இடப்படும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் என்பது எல்லை; அவற்றின் நீர்ப்பரப்பும் வலயத்தினுள் அடங்கும் எனப்பட்டது. வாவியை நீராகக் கண்ட சட்டம், அந்நீரின் விளிம்பில் நிற்கும் கண்டற்காட்டையும், அதற்கு அப்பாலுள்ள வயலையும் காணத் தவறியது. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கரைநிலத்திற் பெரும்பகுதி அவ்வளவுகோலுக்கு வெளியே நின்றது. 2011ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வாவியின் சுற்றோரத்தில் 100 மீற்றரைச் சேர்த்து இக்குறையை ஓரளவு நீக்கியது. திணைக்களத்தின் பெயரிலும் 'கரையோர மூலவள முகாமைத்துவம்' என்னுந் தொடர் சேர்ந்தது. எனினும், நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள வயலில் இடப்படும் உரமும் தெளிக்கப்படும் நஞ்சும் எல்லைக்கல்லைக் கண்டு திரும்பிச் செல்வனவல்ல. அவை வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியனவாகின்றன.

அளவுகோல் ஒன்றையே நம்பியதன் விளைவை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் இப்பகுதி நன்குணர்ந்தது. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கட்டடம் எழுப்பலாகாத இடைவலயமாகத் தென், மேற்குக் கரைகளுக்கு 100 மீற்றரும் வட, கிழக்குக் கரைகளுக்கு 200 மீற்றரும் அறிவிக்கப்பட்டன. ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த நாவலடி போன்ற ஒடுங்கிய மணற்றிடலில், கடலிலிருந்து 200 மீற்றர் அளந்து செல்பவன் வாவியின் கரையையே நெருங்குவான். பின்வாங்குவதற்கு நிலம் உடைய ஊருக்குச் செய்த விதி, நிலமே இல்லாத ஊருக்கும் விதியாயிற்று. தொழிலிழந்த மீனவன் தோணியை விட்டு எங்ஙனம் அகன்று வாழ்வான் என்னும் வினாவுக்கு அவ்வறிவித்தலில் விடையில்லை. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. நோக்கம் நன்றாயினும், இடத்தின் இயல்பறியாத அளவு நிலைபெறாது என்பதே இதிற் பெறத்தக்க பாடம்.

இரண்டாவது குறை நிருவாகம் பற்றியது. வாவி ஒன்று, அதனை ஆளும் அலுவலகங்கள் பல. மீன்பிடி ஒரு திணைக்களத்துக்கு உரியது. கண்டற்காடு வனத்துறைக்கு உரியது. குளத்து நீர் நீர்ப்பாசனத்துறைக்கு உரியது. பாலமும் தாம்போதியும் வீதித்துறைக்கு உரியன. கழிவுநீர் மாநகர, பிரதேச சபைகளின் பொறுப்பு. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செவ்வனே செய்யினும் வாவி கெடக்கூடும் என்பதே இங்குள்ள வியப்பு. முகத்துவாரம் வெட்டும் செய்தியே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மாரியில் வெள்ளம் பெருகும்போது வயலுடையோர் மணற்றடையை விரைந்து வெட்டிவிடுமாறு வேண்டுவர். நாட்கள் சில தாழ்ப்பினும் பயிர் அழுகிவிடும். வாவித் தொழிலாளர் அதனைப் பொறுத்து வெட்டுமாறு வேண்டுவர்; காலமல்லாக் காலத்தில் நீர் வடிந்தால் இறாற் குஞ்சுகளும் அதனோடு கடலிற் போய்விடும். இரு திறத்தாரும் உண்மையே உரைக்கின்றனர். இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு நீர்மட்டத்தை அளந்த ஏடு மட்டும் போதாது. இரு கரையாரும் ஒருங்கிருந்து பேசும் அவையும் வேண்டும். ஒருங்கிணைந்த முகாமைத்துவம் என்னுந் தொடரின் பொருள் இதுவே.

ஏனைய இடங்கள் இதனைப் பயின்ற காலத்தில் மட்டக்களப்பு அதனைப் பயிலும் நிலையில் இருக்கவில்லை. 1990களில் தென்னிலங்கையின் இக்கடுவையிலும் இறக்கவையிலும் சிறப்புப் பிரதேச முகாமைத்துவம் என்னும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரு சிறு பகுதியைத் தெரிந்தெடுத்து, அங்கு வாழும் மக்களோடு கலந்து திட்டம் வகுத்தலே அம்முறை. இறக்கவைக் களப்பில் ஒரு தாம்போதி நீரோட்டத்தைத் தடுத்து இறால் விளைச்சலைக் குறைத்தமை அங்கு ஆராயப்பட்டது. அதே காலத்தில் மட்டக்களப்பு வாவி போரின் எல்லைக்கோடாக இருந்தது. 2007ஆம் ஆண்டு வரை பெரும்பாலும் ஒரு கரை ஒருவர் ஆட்சியிலும் மறுகரை இன்னொருவர் ஆட்சியிலும் இருந்தன. இரு கரையாரையும் ஓர் அவையில் இருத்த வேண்டிய கலையைக் கற்பதற்கு, வாவியைக் கடப்பதே அரிதாயிருந்த காலம் இடந்தரவில்லை. போர் ஓய்ந்தபின் பாலங்கள் வந்தன. 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மண்முனைப் பாலம், துறையிற் காத்து நின்ற மக்களின் நெடுநாட் துயரை நீக்கியது. அதன் நன்மையை எவரும் மறுக்கார். ஆயினும், பாலத்தை நாடிச் செல்லும் வீதி எங்கெங்கு வாவியை மண்ணிட்டு நிரப்புகின்றதோ, அங்கங்கு இறக்கவையின் பாடத்தை நினைத்தல் வேண்டும்.

மக்களே வகுத்த ஒழுங்குகளும் கற்கத்தக்கன. நீர்கொழும்புக் களப்பிற் கட்டுவலை இடும் மீனவர் தமக்குள் திருவுளச்சீட்டு இட்டு இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கத்தை அரசு ஒழித்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டு விதிகளாக அதனை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும் 'பாடு' எனப்படும் முறையில் மீன்பிடிக்கும் இடங்கள் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. ஆனால், வழக்கம் என்ற ஒன்றினாலேயே அது நன்றாகிவிடாது. பழவேற்காட்டு முறை ஒரு குலத்தாரின் உரிமையாக நின்று பிறரை விலக்கியதும், அதனாற் பூசல் விளைந்ததும் அறியத்தக்கன. கண்ணி சிறுத்த வலையாற் குஞ்சுகளை வாரியெடுப்போர் பெருநிறுவனத்தார் மட்டுமல்லர்; ஏழை மீனவரும் உளர். வழக்கத்தின் பயனைக் கொண்டு அதன் விலக்கைத் தள்ளுவதே அறிவுடைமை.

பொறியியலும் இவ்வாறே தீர ஆராய்ந்து கொள்ளத்தக்கது. ஒரிசாவின் சிலிக்கா ஏரி மணல் அடைந்து உவர்ப்புக் குன்றியபோது, 2000ஆம் ஆண்டிற் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. நீரோட்டத்தை முன்னரே ஆராய்ந்து, ஏரிக்கெனத் தனி அதிகார சபை அமைத்து, மேல்நிலப் படுகைகளையும் கருத்திற்கொண்டு செய்தமையால் மீன்வளம் மீண்டது. அழிவை நோக்கும் ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலிலிருந்து 2002ஆம் ஆண்டில் அவ்வேரி நீக்கப்பட்டது. இதற்கு மறுதலையான காட்சி மட்டக்களப்புக்குத் தெற்கே அண்மையிலேயே உண்டு. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அணைகள் கரையோரம் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயிலை மணல் அடைத்தது. வடபுறத்து ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. மீனவனுக்காகக் கட்டியது மீனவனின் தோணி ஏறும் கரையையும் தென்னந்தோப்பையும் கொண்டுபோயிற்று. சிலிக்காவிலும் கடலை வெட்டினர். ஒலுவிலிலும் கடலை மறித்தனர். வேறுபாடு கருவியில் இல்லை. நீரும் மணலும் செல்லும் வழியை முன்னர் அறிந்தமையிலும் அறியாமையிலுமே உள்ளது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகும். வாவியின் எல்லையை மீற்றராற் காண்பதை விட நீர் வந்து சேரும் வழியாற் காண்பது முதலாவது. முகத்துவாரம் வெட்டும் நாளை மீனவரும் கமக்காரரும் அலுவலரும் ஒருங்கிருந்து தீர்மானிக்கும் நிலையான அவையும், நீர்மட்டம், உவர்ப்பு, மீன்வரவு ஆகியவற்றை ஆண்டுதோறும் பதியும் ஏடும் இருத்தல் இரண்டாவது. வாவியுட் புகும் எந்த வீதிக்கும் அணைக்கும், நீரோட்டத்தை முன்னரே அளந்தாலன்றி இசைவளிக்காமை மூன்றாவது. இவற்றுள் ஒன்றேனும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. அலுவலகங்கள் தத்தம் எல்லையைச் சிறிது விட்டுக்கொடுத்தல் ஒன்றே வேண்டுவது. அதுவே அரிதாக உள்ளது.

இக்காலத்து மாணவரே நாளை அவ்வலுவலகங்களின் இருக்கைகளில் அமர்வர். சிலர் நீர்ப்பாசனத்திலும் சிலர் வீதித்துறையிலும் சிலர் மீன்பிடித்துறையிலும் இருப்பர். எழுவான்கரையிற் பிறந்தவன் படுவான்கரையின் வெள்ளத்தையும், படுவான்கரையிற் பிறந்தவன் எழுவான்கரையின் வலையையும் அறிந்திருப்பானாயின், சட்டம் வரைந்த கோட்டுக்கு அப்பாலும் வாவி உண்டு என்பது அவனுக்கு எவரும் சொல்லாமலே விளங்கும்.