தாளித்த புகை

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்குச் சந்தோஷம் என்றாலே ஒரு சந்தேகம். ஒரு கதையில் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர்கள் நடுவில் ஒரு குழந்தை வந்து மழலை பேசினால், இது வாரப் பத்திரிகைச் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதே வீட்டில் ஒருவன் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு வாழ்க்கையின் அர்த்தமின்மையை யோசித்தால் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். உத்தரம் ஆழம், மழலை மேலோட்டம். யாரும் எழுதிவைக்காத இந்தச் சட்டம், 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து நம்மிடையே அமலில் இருந்து வருகிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழில் குடும்ப சந்தோஷத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவை தீபாவளி மலர்கள்தாம். எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் தாத்தா, பட்டுப்பாவாடைச் சிறுமி, ஊடல் தீர்ந்து காபி கொண்டுவரும் மனைவி. கோபுலு, சில்பி காலத்துச் சித்திரக்காரர்களின் கோட்டில் இருந்த உயிர் பக்கத்திலேயே அச்சான கதைகளில் பெரும்பாலும் இல்லை. அந்த இனிப்பு திகட்டிப்போன ஒரு தலைமுறை கசப்பைத் தேடிப் போனது நியாயம்தான். ஆனால் போனவர்கள் எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்று திரும்பிப் பார்க்கவில்லை. சரக்கு போலி என்பதற்காக, அந்தச் சரக்குக்குப் பின்னால் இருந்த அனுபவத்தையும் போலி என்று தள்ளிவிட்டோம். நம் விமர்சனத்தில் இது ஒரு பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். துக்கத்தை எடை போட நம்மிடம் தராசு இருக்கிறது. சந்தோஷத்தை எடை போட இல்லை.

அந்தத் தராசைத் தேடிக்கொண்டு மேற்கே போக வேண்டியதில்லை. குறுந்தொகை 167ஆம் பாட்டைப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதுக்குடித்தனம் போன பெண் சமைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைக் கட்டியிருக்கும் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். துவைக்காமல் அதையே உடுத்தியிருக்கிறாள். தாளித்த புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பை அவளே துழாவிச் சமைத்துப் பரிமாறுகிறாள். நன்றாயிருக்கிறது என்று அவன் சாப்பிடுகிறான். அவள் முகம் மகிழ்கிறது. கண்டும் காணாத அளவுக்குத்தான் மகிழ்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

மூன்று காரியங்கள் இதில் என்னைத் தொந்தரவு செய்கின்றன. ஒன்று, அழுக்குச் சேலை. வேறு கவியானால் அவளைக் குளிப்பாட்டிப் பூச்சூட்டி அடுக்களைக்கு அனுப்பியிருப்பான். இரண்டாவது, அந்த மகிழ்ச்சியின் அளவு. அவள் முகம் மலரவில்லை, ஒளிவிடவில்லை; ஏதோ ஒன்று நுட்பமாக நகர்ந்தது, அவ்வளவே. மூன்றாவதுதான் முக்கியம்: இதைச் சொல்வது யார்? அவளுமில்லை, அவனுமில்லை. அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். வளர்த்தவள், ஆனால் பெறாதவள். அந்தப் புது வீட்டிலும் அவளுக்குப் பாத்தியதை எதுவும் இல்லை. போனாள், ஓரமாக நின்று பார்த்தாள், திரும்பிவிட்டாள். பேயனாரின் ஐங்குறுநூற்று முல்லையிலும் இதே ஏற்பாடுதான். 401 முதல் 410 வரை உள்ள பத்துப் பாட்டுக்கும் பேரே செவிலி கூற்றுப் பத்து. முதல் பாட்டில் புருஷனும் மனைவியும் மகனை நடுவில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள், குட்டியோடு கிடக்கும் மான்களைப் போல. அதையும் செவிலிதான் பார்த்துச் சொல்கிறாள்.

சந்தோஷமாக இருப்பவர்கள் அதைச் சொல்லக்கூடாது, சொன்னால் கெட்டுவிடும் என்பது அந்தக் கவிஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் சொன்னவர் அறிவுடைநம்பி. புறநானூறு 188இல் குறுகுறு நடை நடந்து வரும் பிள்ளை, நெய்ச்சோற்றைத் தொட்டுக் கவ்விக் குழப்பி உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற இடம் வரைக்கும் அது அபாரமான கவிதை. அதற்கப்புறம் ராஜா விழித்துக்கொண்டு, இப்படிப் பிள்ளை இல்லாதவர்களுக்கு வாழ்ந்த நாளில் பயன் ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பிள்ளையின் கையிலிருந்த சோறு அதோடு ஆறிப்போகிறது. சிறுகை அளாவிய கூழைப் பற்றிய குறளும் இந்த ஜாதிதான். அழகான வாக்கியம், ஆனால் அதில் எந்தக் குழந்தையும் இல்லை.

நவீனத் தமிழில் செவிலியின் இடத்தைக் கண்டுபிடித்தவர் கு. அழகிரிசாமி (1923–1970) என்று சொன்னால் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவருடைய எளிமையைக் கண்டு அவருக்கு நுட்பம் போதாது என்று முடிவு கட்டியவர்கள் நம் வட்டத்தில் உண்டு. 'ராஜா வந்திருக்கிறார்' கதையை ஏழைக் குடும்பத்தின் தீபாவளி பற்றிய நெஞ்சை உருக்கும் கதை என்று பாடபுத்தகம் சொல்லிக்கொண்டிருக்கட்டும். நான் அதில் பார்ப்பது வேறு. தாயம்மாள் வீட்டில் அன்று சந்தோஷப்பட எதுவுமில்லை. குழந்தைகளுக்கு ஏதோ மலிவான துணி, புருஷனுக்கு ஒரு துண்டு, அவளுக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டு வாசலுக்கு எச்சில் இலை பொறுக்கித் தின்னும் ஒரு பையன் வருகிறான், உடம்பெல்லாம் புண்ணோடு. அவனுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, அப்பாவுக்கு என்று வாங்கிய துண்டை இடுப்பில் கட்டிவிட்ட பிறகுதான் அந்த வீடு ஒரு வீடாகிறது. அவன் பேர் ராஜா. பக்கத்துப் பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை ராஜாவாக வந்திருக்க, இந்த வீட்டுக்கும் ஒரு ராஜா.

இதைத் தர்மசிந்தனைக் கதை என்று படித்தால் ஏமாந்துபோவோம். தாயம்மாளுக்கு முதலில் அந்தப் பையன் மேல் பிரியமொன்றும் பொங்கிவிடவில்லை. அருவருப்பும் இரக்கமும் மாறிமாறித்தான் வருகின்றன. அந்தத் தயக்கத்தை அழகிரிசாமி அவசரப்பட்டுக் கடக்கவில்லை. கதையின் தொடக்கத்தில் குழந்தைகள் போடும் போட்டியைக் கவனியுங்கள்: என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் அது இருக்கிறதா என்று. குடும்பம் என்பது ஒரு சொத்துக் கணக்கு என்று குழந்தைகளுக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண் மங்கம்மாள் ராஜாவைத் தன் கணக்கில் சேர்த்துச் சொல்கிறபோது கணக்குப் புத்தகமே கிழிந்துபோகிறது. அவளுக்குத் தான் செய்த காரியம் தெரியாது, வெறும் பெருமைதான் அவள் பேச்சில் இருக்கிறது. ஆசிரியரும் வாயைத் திறக்கவில்லை.

'அன்பளிப்பு' இன்னும் கடுமையான கதை. இந்தப் பேரிலான தொகுப்புக்குத்தான் அவர் இறந்த பிறகு 1970ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் புகுந்து புத்தக அலமாரியைக் குலைக்கிறார்கள்; சொல்கிறவன் அவர்களைச் சரிசமமாக நடத்துகிறவன், மாமா என்கிற பாவனையே இல்லாதவன். தமிழில் ஒரு வீட்டுக்காலை இவ்வளவு கலகலப்பாக எழுதப்பட்டதில்லை. சந்தோஷத்தை இப்படி நிரப்பிவிட்டு, பிறகு அதிலேயே ஒரு பிளவைக் காட்டுகிறார். இரண்டு குழந்தைகளுக்கு டயரி கிடைத்தது, சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. சாரங்கன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரித்து, தானே ஒரு டயரியை எடுத்து நீட்டி, உங்கள் அன்பளிப்பு என்று எழுதிக் கொடுங்கள் என்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒருவன் செவிலியைப் போல ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சிரித்துக்கொண்டிருந்த நமக்கும் அது தெரியவில்லை. அன்பிலும் பந்தி உண்டு, பந்தியில் இலை கிடைக்காதவனும் உண்டு என்று தெரிந்துகொண்டு எழுதிய சந்தோஷம் இது.

ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' இதே இடத்துக்கு வருகிறது, ஆனால் எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ரயிலில் அப்பாவும் சிறு பையனும். எதிரில் கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பத்து வயதுப் பெண். பையன் பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சை அவளுக்குக் கொடுக்கிறான், அப்பாவுக்குச் சிலிர்க்கிறது. அப்பா-பிள்ளைக் கதை என்ற அளவில் இதற்கு ஈடு கிடையாது. தூக்கக் கலக்கம், பிள்ளையின் ஓயாத கேள்விகள் எல்லாவற்றிலும் தி.ஜா.வின் காது வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சிலிர்ப்பு எதற்காக? என் பிள்ளை நல்லவன் என்பதற்காக. பெண் கல்கத்தா போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய பிரயாணம் இன்னொருவரின் தகப்பன் பெருமைக்கு எரிபொருளாகிவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வருகிறது. கதையைக் காப்பாற்றுவது அந்தப் பெண்தான். அவள் அழுவதில்லை, பெரியவளைப் போல் நிதானமாக இருக்கிறாள், யாருடைய கண்ணீருக்கும் இடம் கொடுப்பதில்லை. அதனால் அப்பாவின் சிலிர்ப்பு அவளைத் தொடாமல் திரும்பி அவரிடமே வந்துவிடுகிறது. வண்ணதாசனுக்கு 2016இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது அவருடைய கனிவைப் பற்றிப் பலரும் பேசினார்கள். 'நிலை' கதையை எடுத்துக்கொண்டால் கனிவு என்ற சொல் போதவில்லை. வீடே தேர் பார்க்கப் போய்விடுகிறது, வேலைக்கிருக்கும் சிறு பெண் வீட்டைப் பார்த்துக்கொள்ள நிற்கிறாள். குடும்பத்தின் திருவிழா முழுவதும், அதைக் காணாத ஒருத்தியின் காது வழியாகத்தான் நமக்கு வருகிறது.

இனி ஞாபகம். நினைவுகூர்வதற்கு என்றே ஒரு தமிழ் நடை உண்டாகிவிட்டது. பாட்டி, முற்றம், நிலா, கையில் உருட்டிப் போட்ட வற்றல் குழம்புச் சாதம், உருண்டையில் குழி செய்து குழம்பு வாங்கிக்கொண்டது. இந்த நிலாச்சோறு தமிழில் எத்தனை ஆயிரம் தடவை பரிமாறப்பட்டிருக்கும்! நானும் சாப்பிட்டவன்தான், அதன் ருசி எனக்கும் நாக்கில் இருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கல்சட்டியை அப்புறம் யார் தேய்த்தார்கள்? எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாட்டி எதைச் சாப்பிட்டாள்? இந்த ஞாபகங்களில் புகை இல்லை. குறுந்தொகைக்காரர் கண்ணில் ஏறிய புகையை விடாமல் பிடித்துவைத்தார். நாம் ஈராயிரம் வருஷம் கழித்து அதை ஊதி விலக்கிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (தொகுப்பு 1988) நம் ஆண் வாசகர்களை அவ்வளவு சங்கடப்படுத்தியதற்குக் காரணம் அதன் பெண்ணியம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அது நம் ஞாபகங்களில் பாதியைக் காலாவதியாக்கிவிட்டது. அந்த வீட்டிலும் வகைவகையான சாப்பாடு உண்டு, சிரிப்பு உண்டு. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைத் துணி உலர்த்தும் கயிறு மறைத்துவிட்டது என்பதும் கூடவே உண்டு.

லா.ச.ரா.வைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டு கட்சி. நான் இரண்டிலும் இல்லை, அவருடைய மந்திர உச்சாடனம் பல கதைகளில் என்னைச் சோர்வடையச் செய்கிறது. 'பாற்கடல்' சிறுகதை மட்டும் விலக்கு. தலைதீபாவளிக்கு வராத புருஷனுக்குப் புது மருமகள் எழுதும் கடிதம் அது. கூட்டுக்குடும்பத்தைப் பாற்கடல் என்று சொல்கிறபோது அமுதத்தோடு ஆலகாலமும் சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்த வீட்டைப் பார்க்கிறவள் அதற்கு இன்னும் புதியவள், பாதி விருந்தாளி. பத்து வருஷம் கழித்து அவளே எழுதியிருந்தால் அது தீபாவளி மலர்க் கதையாகியிருக்கும். புதுக்கவிதையில் இந்த இடத்தைத் தேடி நான் அதிகம் கண்டுபிடிக்கவில்லை. கல்யாண்ஜியைத் தவிர்த்தால் நம் கவிஞர்கள் வீட்டை அறை என்றுதான் சொல்கிறார்கள். அறையில் ஒருவர்தான் இருக்கிறார்.

புதுமைப்பித்தனிடம் வந்தால் இதுவரை நான் சொன்னது அப்படியே நிற்குமா என்பது சந்தேகம். 'செல்லம்மாள்' கதையில் மூன்றாவது ஆள் கிடையாது. ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி, பட்டணத்தில் ஒரு வீடு. சொந்தம், அக்கம்பக்கம் எல்லாம் தூரத்தில். அடுப்பு மூட்டுவதும் மருந்து கொடுப்பதும் அவர்தான். கடையிலிருந்து புடவை எடுத்துவந்து காட்டுகிறார். ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். போகப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். தமிழில் எழுதப்பட்ட மிகச் சந்தோஷமான தாம்பத்தியக் கதை இதுதான் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். கதையின் முதல் வரிகளிலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாளே என்றார் ஒரு நண்பர். அதனால்தான் என்றேன். செவிலி வந்து நின்று பார்க்க வேண்டிய இடத்தில் அங்கே சாவு முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம்தான் புடவையும் அடுப்பும் பேச்சும் நமக்குத் தெரியத் தொடங்குகின்றன. 1948இல் மறைந்த அந்த மனிதர் சென்னையிலும் புனேயிலும் இருந்துகொண்டு தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன. தம் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பஸ்தன் எழுதியவை அவை. அவற்றை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள நம்மில் பலருக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. செல்லம்மாளின் குளிர்ந்த உடம்புக்கு வெந்நீர் போடுகிற பிரமநாயகம் பிள்ளையை மட்டும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.